பெட்ரோலா, குளோவா, பேட்டரியா?

கையில 400 டாலர் இருக்கு. போன செமஸ்டர் டி.ஏ. சம்பளத்துல வாடகை, மளிகை, ஊருக்கு அனுப்பினது எல்லாம் போக மிச்சம். இதுல ஒரு ரேடியோ கன்ட்ரோல் விமானம் வாங்கணும். ஒண்ணே ஒண்ணுதான் முடியும். எந்த விமானம்னு பார்க்கறதுக்கு முன்னாடி, அது எதுல ஓடணும்னு முடிவு பண்ணியாகணும். ரெண்டு மாசமா தீசிஸை ஓரமா வச்சுட்டு இதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன் (என் புரொபசருக்குத் தமிழ் தெரியாதுங்கற தைரியத்துல எழுதறேன் :-)).

நான் இருக்கறது இல்லினாய்ல, ஷாம்பெயின்-அர்பானா. எந்தப் பக்கம் திரும்பினாலும் மக்காச்சோளம், இல்லைன்னா சோயா. மலை கிடையாது, மரமும் கம்மி. குட்டி விமானம் விட இதைவிடத் தோதான ஊர் அமையாது. ஊருக்கும் இந்தப் பொழுதுபோக்குக்கும் பழைய பந்தமும் உண்டு. டவர் ஹாபீஸ், கிரேட் பிளேன்ஸ் எல்லாம் வச்சிருந்த ஹாபிக்கோ கம்பெனி இங்கேதான் இருந்தது. தொழிலாளர்களே பங்குதாரர்களா இருந்த கம்பெனி. 2018 ஜனவரியில திவால் மனு கொடுத்தாங்க. அவங்க ஆர்.சி. பிராண்டுகளை இதே ஊர் ஹொரைசன் ஹாபி வாங்கிக்கிச்சு.

என் முன்னாடி இருந்தது மூணு வழி. மூணுமே நிஜமா கைக்கு எட்டற தூரத்துல இருந்ததுதான் பிரச்சினையே.

ஒண்ணு, கிளப்புல ஒரு பெரியவர். வயசு 78, லேத் பட்டறையில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். தன்னோட பழைய 40 சைஸ் டிரெய்னரை இஞ்சினோட சேர்த்து எனக்குச் சும்மாவே தர்றேன்னார். அது குளோ. ரெண்டாவது, இன்னொரு உறுப்பினர் 20 சிசி பெட்ரோல் விமானத்தை 400 டாலருக்கு விற்கறார். மூணாவது, கடையில இருக்கற புது ஃபோம் டிரெய்னர். மோட்டார் உள்ளேயே இருக்கு. ரெண்டு பேட்டரி, சார்ஜர் சேர்த்தாலும் 400க்குள்ள முடிஞ்சுடும். டிரான்ஸ்மிட்டர் ஏற்கனவே என்கிட்ட இருக்கு.

ஓசியில கிடைக்கறதை விட்டுட்டு எவனாவது யோசிப்பானான்னு கேப்பீங்க. கணக்குப் போட்டுப் பார்ப்போம், வாங்க.

முதல்ல குளோ. இதுக்கான எரிபொருள்ல பெரும்பங்கு மெத்தனால். 5லேர்ந்து 15 சதவீதம் நைட்ரோமீத்தேன், ஒரு 18, 20 சதவீதம் எண்ணெய். ஸ்பார்க் கிடையாது. பிளக்குக்குள்ள பிளாட்டினம் கலந்த குட்டிக் கம்பிச் சுருள் இருக்கும். ஒன்றரை வோல்ட் கொடுத்து அதைப் பழுக்கக் காய்ச்சி இஞ்சினைக் கிளப்பணும். ஓட ஆரம்பிச்சதும் பேட்டரியை எடுத்துடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்து மேல பட்டு வினை நடக்கும்போது வர்ற சூடும், பிஸ்டன் அழுத்தற சூடும் சேர்ந்து கம்பியை அணையாமப் பார்த்துக்கும். 1947ல அமெரிக்காவுல ரே ஆர்டன் இந்த பிளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதுவரைக்கும் ஸ்பார்க் இஞ்சின் வச்ச ஒவ்வொரு குட்டி விமானமும் காயில், கண்டென்சர், பேட்டரின்னு ஒரு மூட்டையைச் சுமந்துக்கிட்டுப் பறந்தது. பாரம் குறைஞ்சதும் சின்னப் பசங்க காசுக்கும் எட்டற பொழுதுபோக்கா ஆயிடுச்சு.

நைட்ரோ எதுக்கு? ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிலோ காத்து வேணும். மெத்தனாலுக்கு 6.4 கிலோ போதும். நைட்ரோமீத்தேன் தனக்கு வேண்டிய ஆக்சிஜன்ல பாதியைக் கையோட கொண்டு வர்றதால 1.7 கிலோவே போதும். அதனால அதே குட்டி சிலிண்டருக்குள்ள நிறைய எரிபொருளைத் திணிச்சு எரிக்கலாம். சக்தி கூடுது. டேங்க்கும் சீக்கிரம் காலியாகுது.

அப்புறம் அந்த எண்ணெய். நிறைய எரிபொருள்ல அது என்னன்னு நினைக்கறீங்க? நம்ம விளக்கெண்ணெய்! ஆச்சி மூக்கைப் பிடிச்சு வாயில ஊத்துவாங்களே, அதேதான். முதல் உலகப்போர் விமானங்களோட ரோட்டரி இஞ்சின்லயும் இதைத்தான் ஊத்தினாங்க. காஸ்ட்ரால்ங்கற பேரே கேஸ்டர்லேர்ந்து வந்ததுதான். பெரியவர் முதல்முறை இஞ்சினைக் கிளப்பினப்போ அந்தப் புகை வாசனையில நான் ஒரு நிமிசம் ஷாம்பெயின்ல இல்லை.

செலவு? ஒரு கேலன் 35 டாலர் பக்கம் ஆகுது. கேலன்னா 128 அவுன்ஸ். டேங்க் 10 அவுன்ஸ். ஆக 12 தடவை பறக்கலாம்; ஒவ்வொரு தடவைக்கும் ஏறக்குறைய 3 டாலர். வாரத்துக்கு நாலு தடவை பறந்தா மாசம் கிட்டத்தட்ட 50 டாலர். ஓசி விமானம் எட்டே மாசத்துல 400 டாலரை முழுங்கிடும். ஸ்டார்ட்டர், பிளக் செலவெல்லாம் தனி. பறந்து முடிச்சதும் இறக்கை பூரா எண்ணெய்ப் பிசுக்கு, துடைக்கணும். மிச்ச எரிபொருளை இஞ்சினுக்குள்ள விட்டா, மெத்தனால் ஈரத்தை இழுத்து பேரிங்கைத் துருப்பிடிக்க வச்சுடும். அதனால கிளம்பறதுக்கு முன்னாடி சில சொட்டு எண்ணெய் விட்டுச் சுத்தி வைக்கணும். மெத்தனால் விஷம், பகல் வெளிச்சத்துல அதோட தீ கண்ணுக்கே தெரியாது. இதையெல்லாம் நான் எங்கே வைக்கறது? அப்பார்ட்மென்ட் ஒப்பந்தத்துல எரிபொருள் எதுவும் வீட்டுக்குள்ள வைக்கக்கூடாதுன்னு தெளிவா எழுதியிருக்கு.

அடுத்தது பெட்ரோல். அமெரிக்காவுல 'கேஸ்'னா பெட்ரோல். கேஸ்ல ஓடற விமானம்னு அம்மாகிட்ட சொன்னப்போ, "சிலிண்டரை எங்கடா மாட்டுவே?"ன்னு கேட்டாங்க :-)

இந்த இஞ்சின்களோட மூதாதையர் மரம் அறுக்கற செயின்சாவும் புல் வெட்டற மெஷினும். அதே மாதிரி டூ-ஸ்ட்ரோக், அதே மாதிரி வால்ப்ரோ கார்புரேட்டர். நம்ம ஊர் டி.வி.எஸ். 50க்கும் ஆர்.எக்ஸ். 100க்கும் பங்க்ல 2டி ஆயில் கலந்து ஊத்துவாங்களே, அதே கதைதான். எண்ணெய் ஒரு பங்குக்கு பெட்ரோல் 30லேர்ந்து 50 பங்கு. ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தர சி.டி.ஐ. பெட்டி, அதுக்கு ஒரு பேட்டரி, அவசரத்துக்கு இஞ்சினை நிறுத்த ஒரு ஸ்விட்ச். கார்புரேட்டரை ஒருதடவை சரியா வச்சுட்டா சீசன் முழுக்கத் தொட வேண்டியதே இல்லை. ஒரு டேங்க் பெட்ரோல் அரை டாலரைத் தாண்டாது. கால் மணி நேரத்துக்கு மேல பறக்கலாம்.

ஆனா விமானம் பெரிசு. விற்கறவரோடது இறக்கை 70 அங்குலம், எடை அஞ்சு கிலோ பக்கம். என்கிட்ட கார் கிடையாது. ரூம்மேட்டோட பழைய கொரோலாதான் கதி. அதுக்குள்ள இதை ஏத்தினா ரூம்மேட் வெளியே நிக்கணும். அஞ்சு கிலோ சாமான் நான் பழகற கையில தரையைத் தேடி வர்றதை நினைச்சாலே வயித்தைக் கலக்குது. இன்னொரு விசயம் சத்தம். எங்க மைதானம் ஒரு விவசாயியோட குத்தகை நிலம். கொஞ்ச தூரத்துல புது வீடுகள் வந்துடுச்சு. ஞாயிறு காலையில 9 மணிக்கு முன்னாடி இஞ்சின் கிளப்பக்கூடாதுன்னு கிளப்புல முடிவு பண்ணியிருக்காங்க. குத்தகை போனா கிளப்பும் போயிடும்னு எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்றதில்லை.

கடைசியா பேட்டரி. ஏதோ நேத்து வந்த சமாச்சாரம்னு நினைச்சுடாதீங்க. 1957லயே இங்கிலாந்துல கர்னல் டேப்ளின் 'ரேடியோ குவீன்' விமானத்தை மின் மோட்டார்ல பறக்கவிட்டார். அப்புறம் ரொம்ப காலம் இது தவழ்ந்துக்கிட்டே இருந்ததுக்குக் காரணம் பேட்டரியோட எடை. ஒரு கிலோ பெட்ரோல்ல ஏறத்தாழ 12 யூனிட் சக்தி இருக்கு, கரண்ட் பில்லுல வர்ற அதே யூனிட். மெத்தனால்ல அஞ்சரை. நல்ல லித்தியம் பாலிமர் பேட்டரியில 0.15 பக்கம்தான். குட்டி இஞ்சின் வாங்கற சக்தியில பெரும்பகுதியைச் சூடாவும் சத்தமாவும் விரயம் பண்ணிடும். பிரஷ்லெஸ் மோட்டார் முக்கால்வாசிக்கு மேல விசிறிக்குக் கொடுத்துடும். அப்படியும் பெட்ரோல்கிட்ட நிக்க முடியாது. அதான் 7, 8 நிமிசத்துல இறக்கணும்.

தேர்ந்தெடுக்க ஒரு சுலபமான கணக்கு இருக்கு. விமானத்தோட எடையில பவுண்டுக்கு 70லேர்ந்து 90 வாட் இருந்தா டிரெய்னருக்குப் போதும். கரணம் அடிக்கணும்னா 120க்கு மேல. நான் பார்த்த ஃபோம் டிரெய்னர்ல மூணு செல் 2200 பேட்டரி. 11.1 வோல்ட், 24 வாட்-அவர். சார்ஜ் பண்ற கரண்ட் செலவு ஒரு சென்ட்டுக்கும் கம்மி. ஆகா, இனாம்னு துள்ளக்கூடாது. 30 டாலர் பேட்டரி 150 தடவை உழைச்சா தடவைக்கு 20 சென்ட். பேட்டரியே எரிபொருள்தான், மொத்தமா முன்பணம் கட்டறோம், அவ்ளோதான் வித்தியாசம்.

ஆபத்து இல்லாமலும் இல்லை. லித்தியம் பாலிமர் உப்பினாலோ அடிபட்டாலோ தீப்பிடிக்கும், அணைக்கறது கஷ்டம். அடுப்பை ஒட்டின டைல்ஸ் மேடையில, பக்கத்துலயே உட்கார்ந்துக்கிட்டுத்தான் சார்ஜ் பண்ணணும். தூங்கப் போகும்போது சார்ஜ்ல போட்டுட்டுப் போறது கூடவே கூடாது. பறக்காத வாரத்துல செல்லுக்கு 3.8 வோல்ட் பக்கம் வச்சிருக்கணும். பேட்டரியைச் சொருகின நிமிசத்துலேர்ந்து விசிறி உயிரோட இருக்குன்னு நினைக்கணும். இஞ்சினாவது சத்தம் போட்டு எச்சரிக்கும். மோட்டார் சத்தமில்லாம நின்னுக்கிட்டு, கை தவறி த்ராட்டில் பட்டா விரலை வாங்கிடும். இல்லினாய் குளிர்ல பேட்டரி சோர்ந்து போகும், ஜாக்கெட் உள்பையில போட்டுச் சூடா வச்சுக்கணும்.

சட்டத்துக்கு மூணும் ஒண்ணுதான். 250 கிராமுக்கு மேலன்னா எஃப்.ஏ.ஏ.வுல பதிவு, மூணு வருசத்துக்கு 5 டாலர். டிரஸ்ட்னு ஒரு இலவசப் பரீட்சை. 2024 மார்ச்லேர்ந்து ரிமோட் ஐ.டி. கட்டாயமா அமலாகுது, அதுக்கு விலக்கு வாங்கின மைதானத்துல பறந்தா அது வேண்டாம்.

கணக்கெல்லாம் போட்டா விடை பேட்டரின்னுதான் வருது. ஆனா மனசு ஒத்துக்க ரெண்டு மாசம் ஆச்சு. காரணம் அந்தப் பெரியவர்.

நான் படிக்கறது மெக்கானிக்கல். இஞ்சினைப் பத்தி நாலு வருசம் போர்டுல படிச்சதைவிட அவர் பக்கத்துல நின்ன நாலு சனிக்கிழமையில அதிகம் தெரிஞ்சுக்கிட்டேன். ஊசி வால்வைத் திறந்து வச்சா இஞ்சின் கரகரன்னு இருமும். மெதுவா மூடிக்கிட்டே வந்தா சத்தம் சட்டுனு கூர்மையாகும். அங்கே நிறுத்தாம கொஞ்சம் பின்னாடி திறக்கணும். ட்யூபை ஒரு கணம் கிள்ளிப் பார்த்தா வேகம் லேசா ஏறணும். ஏறாம விழுந்தா எரிபொருள் பத்தலைன்னு அர்த்தம். அப்புறம் மூக்கை வானத்துக்குத் தூக்கிப் பிடிச்சு, அப்பவும் சுருதி இறங்கலைன்னா பறக்கலாம். இது எந்தப் புஸ்தகத்தைவிடவும் அவர் காதுல பத்திரமா இருக்கு. ஆனா அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுடுச்சு. சுத்தற விசிறிக்குப் பின்னாடி விரலைக் கொண்டுபோய் அந்த ஊசியைத் திருப்ப இனிமே முடியாது. விமானத்தை எனக்குத் தர்றேன்னதும் அதனாலதான்னு எனக்குப் பின்னாடிதான் புரிஞ்சது.

எனக்கு இன்னும் எட்டு மாசத்துல டிகிரி முடியுது. வேலை எந்த ஊர்ல கிடைக்கும்னு தெரியாது. ஃபோம் விமானத்தை இறக்கை கழட்டி ஒரு அட்டைப்பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போயிடலாம், பேட்டரி கைப்பையில வந்துடும். எண்ணெய் குடிச்ச பால்சா விமானத்தை எந்த ஏர்லைன்ஸ்ல ஏத்தறது? இஞ்சின் வச்சு ஆள்றதுக்கு ஒரு கராஜ் வேணும், கராஜுக்கு ஒரு வீடு வேணும். விசாவுல இருக்கறவனுக்கு அதெல்லாம் இப்போதைக்கு இல்லை.

அதனால போன சனிக்கிழமை அவர்கிட்ட நேரா சொன்னேன். பேட்டரிதான் வாங்கப் போறேன், உங்க விமானம் உங்க கராஜ்லயே இருக்கட்டும், ஆனா ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊசி வால்வை நான் திருப்பறேன், நீங்க பறக்கவிடுங்க, எரிபொருள்ல பாதி காசு என்னோடதுன்னேன். கொஞ்ச நேரம் விசிறியையே பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம் காசெல்லாம் வேண்டாம், காலையில எட்டரைக்கே வந்துடுன்னார்.

ஃபோம் விமானத்துக்கு ஆர்டர் போட்டாச்சு. வாங்கப் போற உங்களுக்கு நான் சொல்றது இதுதான்: வாடகை வீடு, கார் இல்லைன்னா யோசிக்காம பேட்டரி. கராஜும் பெரிய வண்டியும் இருந்து பெரிய விமானம்தான் வேணும்னா பெட்ரோல். குளோ வாங்கறதா இருந்தா, முதல்ல பக்கத்துல ஊசி வால்வு தெரிஞ்ச ஒருத்தரைத் தேடிப் பிடிச்சுட்டு அப்புறம் இஞ்சினை வாங்குங்க.

பி.கு: தல ரசிகர்களுக்கு ஒரு உபரித் தகவல். நம்ம அஜித்துக்கும் இந்தப் பித்து உண்டு. 2018ல மெட்ராஸ் எம்.ஐ.டி.யோட தக்ஷா மாணவர் குழுவுக்கு ஆலோசகரா இருந்தார். ஆக, நான் வெட்டியா சுத்தறேன்னு இனிமே யாரும் வீட்ல போட்டுக் கொடுக்கக்கூடாது, சொல்லிட்டேன் :-)