மலைமேல் ஒரு பிரதி

வத்தல்மலையில் உட்கார்ந்துகொண்டு சர்வர் வேலை பார்க்கிறேன் என்றால் தர்மபுரியிலேயே சிரிப்பார்கள். காப்பியும் மிளகும் விளைகிற மலை. கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடித்தால்தான் ஊர். மழை பிடித்தால் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். ஆனால் இந்தத் தொழிலில் எனக்கு இருக்கிற நல்ல பழக்கங்களில் பாதி, சிக்னல் கிடைக்காததால் வந்தவை.

சர்வரின் நிர்வாகப் பக்கம் படமும் வரைபடமுமாக இங்கே திறப்பதற்குள் பொறுமை போய்விடும். அதனால் கருப்புத் திரையில் எழுத்து மட்டும் வரும் எஸ்.எஸ்.எச்.தான் எனக்கு. அதுவும் நடுவில் அறுந்துபோகும் என்பதால் நீளமான எந்த வேலையையும் டிமக்ஸுக்குள்தான் ஓடவிடுவேன். என் இணைப்பு போனாலும் அங்கே ரீஸ்டோர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். சும்மா அங்கே இங்கே சொடுக்கிப் பார்க்கும் வசதி எனக்கில்லை. கேள்வியெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் கை வைக்கவே முடியும்.

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலை ஒன்றிலிருந்து வந்த அழைப்பு இது.

"அண்ணா, டேலி சர்வர் தொங்கிருச்சுண்ணா. ரீபூட் போட்டுடவா?"

"வேணாம்ப்பா, எதுலயும் கை வைக்காத. டேலி மட்டும்தானா, எல்லா வி.எம்.மும் அப்படியா?"

"எல்லாமேதாண்ணா. எடைமேடையில பில்லே வரமாட்டேங்குது. வெளிய லாரி நிக்குது."

"புதுசா என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணுமே மாத்தலண்ணா."

கடைசிப் பதிலை நான் எந்த இடத்திலும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அதற்கு முந்தைய பதில் தங்கம். வி.எம். என்பது ஒரே சர்வருக்குள் தனிக் கணினிபோல ஓடுவது. ஒரு வி.எம். மட்டும் மெதுவாக ஓடினால் குற்றம் அதற்குள்ளே இருக்கலாம். எல்லாம் ஒரே நேரத்தில் மெதுவானால் அவை சேர்ந்து நிற்கும் தரையைப் பார்க்க வேண்டும். அந்தத் தரை பெரும்பாலும் ஸ்டோரேஜ்தான். சி.பி.யு. பாதிகூட வேலை செய்யவில்லை, மெமரி மிச்சம் இருக்கிறது, ஆனால் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் ரெய்டு கார்டிடம் நிலையைக் கேட்டதும் பதில் வந்துவிட்டது: பேட்டரி செத்துவிட்டது.

கார்டில் ஒரு சிறு மெமரி உண்டு. பேட்டரி நன்றாக இருக்கும்வரை, தரவு அந்த மெமரிக்கு வந்ததுமே 'எழுதியாயிற்று' என்று வி.எம்.முக்குச் சொல்லிவிட்டு, டிஸ்க்கில் சாவகாசமாக எழுதும். இதற்குப் பெயர் ரைட் பேக். பேட்டரி போனால், கரண்ட் போகும்போது மெமரியில் இருப்பதும் போய்விடுமே என்று கார்டு ரைட் த்ரூவுக்கு மாறிக்கொள்ளும். டிஸ்க்கில் எழுதி முடிக்கும்வரை யாருக்கும் பதில் சொல்லாது. வி.எம்.முக்குள் எந்த எரரும் வராது. எல்லாம் ஊர்ந்துபோகும், அவ்வளவுதான். பத்து முறை ரீபூட் போட்டாலும் இது தீராது.

பேட்டரி இல்லாமலே கட்டாயப்படுத்தி ரைட் பேக்கில் ஓட்டவும் கார்டில் வழி உண்டு. சிலர் சாதாரணமாகச் செய்கிறார்கள். அந்த ஆலையின் யு.பி.எஸ்.ஸை நேரில் பார்த்தவன் என்பதால் நான் செய்யவில்லை. ஓயாமல் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்த கேமரா பதிவு வி.எம்.மை நிறுத்தினேன். எடைமேடை மூச்சு விட்டது. பேட்டரி வரும்வரை அப்படியே ஓடியது.

அடுத்து அடிக்கடி வருவது ஸ்னாப்ஷாட் விவகாரம். பேக்கப் மென்பொருள் வி.எம்.மின் டிஸ்க்கை அந்த நொடியில் இருந்தபடியே நிறுத்திவைக்கும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து, நகல் முடிந்ததும் அதை அழிக்க வேண்டும். நடுவில் ஏதாவது அறுந்தால் அது அப்படியே தங்கிவிடும். அதன் பிறகு எழுதப்படும் ஒவ்வொன்றும் பக்கத்துக் கோப்பில் சேரும். அது வீங்கி வீங்கி ஒருநாள் டேட்டாஸ்டோர் நிரம்பி வி.எம். நின்றுபோகும். ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதே என்று வி.எம்.வேரின் வழிகாட்டலே சொல்கிறது. மாதக்கணக்கில் கிடந்ததையெல்லாம் பார்த்திருக்கிறேன். பட்டியலில் ஸ்னாப்ஷாட்டே இல்லை என்று காட்டும். கோப்புறைக்குள் போனால் உட்கார்ந்திருக்கும். அதைக் கையால் அழித்தால் அன்றுவரை எழுதிய கணக்கும் சேர்ந்து போகும். இடம் ஒதுக்கிக்கொடுத்து, முறையாக ஒன்றுசேர்க்கத்தான் வேண்டும்.

பேக்கப் சேமிக்கும் இடம் நிரம்புவது இதைவிட மோசம், ஏனென்றால் அவசரம் அங்கேதான் கொல்லும். 2020-இல் வெளிவந்த ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரை இப்போது நிறைய சின்ன நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. அது வி.எம்.மின் டிஸ்க்கை 4 மெகாபைட் துண்டுகளாக வெட்டி, ஒரே மாதிரித் துண்டை ஒருமுறை மட்டுமே வைக்கும். அதனால் பழைய பேக்கப்பை அழித்தாலும் உடனே இடம் கிடைக்காது. அந்தத் துண்டு புதிய பேக்கப்புக்கும் தேவைப்படலாமே. குப்பை பொறுக்கும் வேலை தனியாக ஓடி, 24 மணி நேரம் 5 நிமிடத்துக்கு மேல் யாரும் தொடாத துண்டுகளை மட்டுமே நீக்கும். இது தெரியாதவர், "அழிச்சும் இடம் வரலையே" என்று பதறி, துண்டுகள் இருக்கும் கோப்புறையிலேயே பழைய தேதியிட்ட துண்டுகளைத் தேடி அழித்துவிடுவார். பழைய துண்டுகளில்தான் இன்றைய பேக்கப்பும் நிற்கிறது. ஒரு நாள் காத்திருப்பதுதான் அங்கே செய்ய வேண்டிய வேலை.

ஆன்லைனில் மட்டுமே இருக்கும் பேக்கப்பை நம்புகிறவர்களிடம் நான் இலங்கையைச் சொல்வேன். 2023-இல் லங்கா அரசு கிளவுடில், தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தது. பேக்கப்புகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன. அந்த ஆண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அரசு மின்னஞ்சல்கள், சுமார் 5000 முகவரிகளுக்குரியவை, போனது போனதுதான். அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையும் இதேபோல அடிவாங்கியது: 5 சர்வர்கள், ஏறக்குறைய 1.3 டெராபைட். நோயாளிப் பதிவு வாரக்கணக்கில் காகிதத்தில் நடந்தது. ஆனால் தொடப்படாத ஒரு பேக்கப் சர்வர் தப்பியிருந்ததால் தரவு திரும்பி வந்தது.

அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 விதி பழையதுதான்: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில். ஆலைக்கு அந்த வெளியூர், எங்கள் வீடு. இணையத்தில் அனுப்பிப் பார்க்கலாமே என்பார்கள். 3 டெராபைட்டை நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால், ஒரு நிமிடம்கூட அறுபடாமல் ஓடினாலும் 14 நாள். டிஸ்க்கைப் பையில் போட்டு பைக்கில் ஏறினால் சாயங்காலத்துக்குள் மலைமேல் இருக்கும். அது எந்த வலையிலும் இல்லாததால் எந்த ரான்சம்வேரும் அதைத் தேடி வராது. பனிக்காலத்தில் ஈரம்தான் எதிரி. காற்றுப்புகாத டப்பா, சிலிக்கா ஜெல் பொட்டலம். இரண்டு டிஸ்க் மாறிமாறி ஏறி இறங்கும்.

'பேக்கப் வெற்றி' என்று பச்சை நிறத்தில் வரும் மெயிலுக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை. மேலே வந்த டிஸ்க்கிலிருந்து ஒரு வி.எம்.மை என் பழைய கணினியில் எழுப்புவேன். நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டுத்தான் எழுப்புவேன், ஏனென்றால் பிரதி எங்கே எழுந்தாலும் தன்னையே அசல் என்று நினைத்துக்கொண்டு வெளியே பேசப் பார்க்கும். டேலியைத் திறந்து கடைசி வவுச்சர் எண்ணைப் பார்த்துக் கணக்காளருக்குப் போன் செய்வேன். அவர் நோட்டில் இருப்பதும் இதுவும் ஒத்துப்போனால் சரி.

வழியில் டிஸ்க் தொலையலாம் என்பதால் எல்லாம் மறையாக்கச் சாவி போட்டுப் பூட்டியவை. அந்தச் சாவியைத் தாளில் கியூஆர் குறியோடு அச்சடிக்க பேக்கப் மென்பொருளிலேயே ஒரு கட்டளை உண்டு. தாள் ஆலையின் இரும்புப் பெட்டியில், பத்திரங்களோடு இருக்கிறது. டிஸ்க் இருக்கும் இடத்தில் தாள் இருக்கக்கூடாது என்றேன். முதலாளி ஒத்துக்கொண்டு, "நீங்க இல்லாத நாள்ல யாருங்க தம்பி இதைத் திறக்கிறது?" என்றார். செய்ய வேண்டியதை வரிசையாகத் தமிழில் எழுதி அந்தத் தாளோடு சேர்த்தேன். கணக்காளர் படித்துப் பார்த்து, மூன்றாவது வரி புரியவில்லை என்றார். அதை மட்டும் மாற்றி எழுதினேன்.