இரண்டரை மீட்டர் லினன்

உங்கள் வீட்டுப் பீரோவிலும் அப்படி ஒரு துணி இருக்கும். எடுத்துப் பார்ப்பதும், தடவிப் பார்ப்பதும், வெட்ட மனம் வராமல் மறுபடி மடித்து வைப்பதுமாக வருஷங்கள் ஓடியிருக்கும். என்னிடம் இருந்தது சந்தன நிறத்தில் இரண்டரை மீட்டர் லினன். என் கணவர் கடைசியாக வாங்கி வந்த துணி. "எதற்கு?" என்று கேட்டேன். "பிடித்திருந்தது" என்றார். அவ்வளவுதான்.

நாலு வருஷம் கழித்து, முதல் முதலாக வேலைக்குப் போகவிருந்த என் பெண், "அம்மா, அப்பா வாங்கின துணியில் எனக்கு ஒரு கவுன் தைத்துக் கொடேன். கழுத்தோரம் பூவேலை இருக்கட்டும்" என்றாள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

லினன் என்பது ஆளிச் செடியின் தண்டிலிருந்து எடுக்கும் நார். (ஆளி விதையை வறுத்துப் பொடி செய்து சாப்பிடுகிறோமே, அதே செடிதான்!) முதல் சலவையில் அது சுருங்கும். ஆகவே முதலில் தண்ணீரில் நனைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் சற்று மிச்சமிருக்கும்போதே இஸ்திரி போட்டேன். நீளத்தில் நாலு அங்குலம் போயிற்று. இதுவரைக்கும் புத்தியோடுதான் நடந்துகொண்டேன்.

அதற்கப்புறம் செய்தேனே, அதுதான் அசட்டுக் காரியம். துணியை அளவாக வெட்டிவிட்டுப் பூவேலைக்கு உட்கார்ந்தேன்!

மிஷினில் பூப்போடும் சகோதரிகளுக்குத் தெரியும். பாதத்தைக் கழற்றி, துணியைத் தள்ளும் பல்லையும் தாழ்த்திவிட்டு, வளையத்தை இரண்டு கைகளாலும் பிடித்து நாமேதான் நகர்த்த வேண்டும். துணி மிஷின் பலகையோடு படிய வேண்டும் என்பதால், கைத்தையலுக்கு மாட்டுவதற்குத் தலைகீழாக வளையத்தை மாட்ட வேண்டும். பாதம்தான் இல்லையே என்று அதைத் தூக்கி இறக்கும் கைப்பிடியைக் கீழே இறக்காமல் விட்டீர்களோ, மேல்நூலுக்குப் பிடிப்பு இருக்காது. அடியில் நூல் குருவிக்கூடாகக் கட்டிவிடும். இதையெல்லாம் நான் மறக்கவில்லை. துணிக்கு அடியில் தாள் வைக்கத்தான் மறந்தேன். இதழ்களை நெருக்கி அடைக்க அடைக்க, ஒவ்வொரு தையலும் துணியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. வளையத்தைக் கழற்றினால், முன்பாகம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. பின்பாகத்தோடு சேர்த்து வைத்தேன். அகலத்தில் முக்கால் அங்குலம் குறைவு!

அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. லினன் எத்தனையோ கடைகளில் கிடைக்கும். அவர் வாங்கிய லினன் எந்தக் கடையில் கிடைக்கும்?

விடிந்ததும் கத்தரிக்கோலை எடுத்தேன். நல்லவேளை, பூக்கள் கழுத்தின் இரு பக்கமும்தான் இருந்தன. முன்பாகத்தை நட்டநடுவே மேலிருந்து கீழ்வரை வெட்டினேன். கை நடுங்கியது என்றால் நம்புவீர்களா? மீதித் துணியை, இந்தத் தடவை அடியில் தாள் வைத்து, பெரிய துண்டாகவே வளையத்தில் மாட்டி, நீளக் கொடி ஒன்று போட்டேன். அதன் பிறகுதான் இரண்டே முக்கால் அங்குல அகலத்தில் பட்டையாக வெட்டினேன். இரு ஓரத்திலும் தையலுக்கு விட்டது போக, குறைந்த இடத்துக்குச் சரியாக இருந்தது. பூக்களைக் கனத்த துண்டின் மேல் கவிழ்த்துப் போட்டு, ஈரம் தெளித்து, பின்புறமாக இஸ்திரி போட்டதில் நெளிவும் பாதிக்குமேல் அடங்கிவிட்டது.

"நடுவில் பட்டை வைத்தாயே அம்மா, பிரமாதம்! எந்தப் புத்தகத்தில் பார்த்தாய்?" என்று கேட்டாள் பெண். நான் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கியபோது கவுன் முழுக்கக் கசங்கியிருந்தது. லினனின் சுபாவம் அது. மீந்த துண்டு ஒரு கைக்குட்டைக்குக் காணும். அதைத் திரும்பவும் பீரோவில் வைத்திருக்கிறேன்.