ரிப்போர்ட்டில் எழுதாத விஷயங்கள்

பாளையங்கோட்டைப் பக்கம் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். உலை வைப்பதற்கு முன் அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவது, அவர் வீட்டில் அம்மா காலத்துப் பழக்கம். டப்பா நிறைந்ததும் அரிசி சபைக்குப் போகும். அதை விற்று வரும் பணம் வெளி மாநிலங்களில் இருக்கும் மிஷனெரிகளுக்கு. பென்ஷன் வந்த அன்றே போனில் பணம் அனுப்பிவிடுகிற டீச்சர், பிடி அரிசியையும் விடவில்லை. "பணம் மாசத்துக்கு ஒரு தடவைதான் அவங்களை ஞாபகப்படுத்தும். அரிசின்னா தினமும்லா?" என்பார்.

மிசோரமில் இதற்கு 'பூஃபாய் தாம்' என்று பெயர். 1910-ல் அங்குள்ள பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் தொடங்கியது. கையில் காசு புழங்காத பெண்களிடமும் சமையலறை இருந்தது, அரிசி இருந்தது. கணவரிடம் கேட்காமல் கொடுக்க முடிந்த காணிக்கை!

திருநெல்வேலிக்கும் இதில் பழைய கணக்கு உண்டு. அதுவரை இங்கிலாந்திலிருந்து மிஷனெரிகளும் பணமும் வந்துகொண்டிருந்த ஊர் இது. 1903-ல் இங்குள்ள கிறிஸ்தவர்களே இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். பணமும் நம்முடையது, போகிற ஆளும் நம்மவர் என்பதுதான் ஏற்பாடு. வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ்.அசரியா அதில் முன்நின்றவர். சங்கத்தின் ஊழியர்கள் தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதிக்குப் போனார்கள். பிறகு அசரியாவும் தெலுங்கு படித்து அங்கேயே போய்விட்டார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப் ஆனதும் அந்த ஊருக்குத்தான்.

டீச்சர் பணம் அனுப்புவது வடக்கே இருக்கும் ஒரு தம்பதிக்கு. மாதாமாதம் அவர்களிடமிருந்து ரிப்போர்ட் வரும். எத்தனை கிராமம், எத்தனை கூட்டம், என்னென்ன ஜெபக் குறிப்பு... டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படிப்பார்.

ஒருமுறை லீவில் வந்தபோது இருவரும் டீச்சர் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். கணவர் முன்னறையில் ஊழியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அடுப்படியில் டீச்சர் அந்தப் பெண்ணிடம், "நீ எப்படிம்மா இருக்க?" என்று மட்டும்தான் கேட்டார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். முந்தைய வருஷம் ஐந்தாம் மாதத்தில் கர்ப்பம் கலைந்திருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவே பாதி நாள் ஆகும் இடம். அந்த மாதமும் ரிப்போர்ட் வந்திருந்தது. "காணிக்கை குடுக்கிறவங்க சங்கடப்படுவாங்கன்னு எழுதலை பெரியம்மா."

இது புதிய கதையும் இல்லை. 1792-ல் இங்கிலாந்தின் கெட்டரிங் என்ற ஊரில் சில போதகர்கள் கூடி 13 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ் தருவதாக எழுதிக் கொடுத்தார்கள். அதை நம்பி மறு வருஷம் வங்காளத்துக்குக் கப்பல் ஏறியவர் வில்லியம் கேரி. அவர் மனைவி டாரத்திக்கு வர விருப்பமே இல்லை. கைக்குழந்தை வேறு. தங்கை துணைக்கு வருவதாகச் சொன்ன பிறகுதான் கிளம்பினார். 1794-ல் ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். டாரத்தியின் மனநிலை குலைந்தது. 1807-ல் இறக்கும்வரை சரியாகவே இல்லை. கேரி என்றால் வங்காள மொழிபெயர்ப்பையும் செராம்பூர் கல்லூரியையும் சொல்கிறவர்கள் டாரத்தியின் பெயரைச் சொல்வது குறைவு.

அன்றைக்கு ஒரு கடிதம் போய்ச்சேர மாதக்கணக்கில் ஆகும். இன்றைக்கு வீடியோ காலில் முகத்தையே பார்க்கலாம். ஆனாலும் பணம் அனுப்புகிறவர்கள் கேட்பது எண்ணிக்கையைத்தான். போட்டோ வேண்டும் என்பார்கள். வந்த போட்டோவை ஊர் பெயரோடு நாலு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவார்கள். அதனால் அங்கே இருக்கிறவர்களுக்கு என்ன சிக்கல் வரும் என்று யோசிப்பதில்லை.

டீச்சர் இப்போது ஞாயிறு சாயங்காலம் போன் செய்கிறார். முதல் பத்து நிமிஷம் ஊழியப் பேச்சே கிடையாது. என்ன குழம்பு, முட்டுவலி எப்படி, கரன்ட் இருக்கிறதா என்பதோடு சரி. "ரிப்போர்ட் ஒரு மாசம் வரலைன்னா நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன், நல்லா தூங்குங்க" என்று சொல்லி வைத்திருக்கிறார்.

அவர்கள் விட்டுப்போனவை இங்கே நிறைய இருக்கின்றன. அந்தப் பெண்ணின் அம்மா சாத்தான்குளம் பக்கம் தனியாக இருக்கிறார். கண்புரை ஆபரேஷனுக்கு அவரைக் கூட்டிப்போய், கட்டுப் பிரிக்கும்வரை தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார் டீச்சர். மூத்த பையன் இங்கே ஹாஸ்டலில் தங்கி ஆறாம் வகுப்பு படிக்கிறான். மற்ற பிள்ளைகளுக்கு ஆள் வரும் நாளில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதாக வார்டன் சொன்னதிலிருந்து, ஒரு விசிட்டிங் டே கூட டீச்சர் தவறவிட்டதில்லை. 'பாட்டி' என்று ரிஜிஸ்டரில் அவரே எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்.

வருகிற சனிக்கிழமைக்குப் பையன் தேன்குழல் கேட்டிருக்கிறான். "நிறைய வேணும், ரூமில் எட்டுப் பேர் இருக்கோம்" என்று சொல்லியிருக்கிறானாம். மாவு மில்லுக்குப் போயிருக்கிறது.