ஒரு பிற்போக்கு முயற்சி

"பிற்போக்கு" என்னுஞ் சொல்லை எம் போன்றோர் வசைச் சொல்லாகவே வழங்கி வந்திருக்கிறோம். இலக்கியக் கூட்டங்களிலும் ஆசிரியர் அறை விவாதங்களிலும் எதிராளியின் வாயை அடைப்பதற்கு அதனினும் எளிய ஆயுதம் வேறில்லை. அத்தகைய நாம் சென்ற ஆண்டில் ஏறத்தாழ மூன்று மாத காலம், ஒரு வண்டியைப் பத்து மீற்றர் தூரம் பின்னோக்கிச் செலுத்துவது எவ்வாறு என்னும் ஒரே சிந்தனையில் ஆழ்ந்திருந்தோம் என்றால் நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைத்தவர்களும் உளர்.

கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலையொன்றில் நாம் தமிழ் கற்பிக்கிறோம். பாடசாலை வாசலுக்கு வரும் ஒழுங்கை குறுகியது, வாசலின் முன் ஒரு மதகு, இருமருங்கும் வாய்க்கால். தரம் ஒன்பதில் பயிலும் மாணவியொருத்தியின் தந்தை அவளை நாள்தோறும் ஏற்றி வருவார். அவரது வண்டி, பின்சில்லின் இருபுறமும் இரு சிறு சில்லுகள் பூட்டப்பெற்ற ஒரு ஸ்கூட்டர். அவருக்குக் கால்கள் இரண்டும் இல்லை. 2009 ஆம் ஆண்டின் முற்பகுதியில் இழந்தார். எவ்வாறு இழந்தார் என்று நாம் வினவியதில்லை; அவ்வாண்டின் முற்பகுதியில் வன்னியில் இருந்த எவரும் அதனை மற்றவரிடம் வினவுவதில்லை.

அவர் ஒருபோதும் வாசல்வரை வருவதில்லை. பெருவீதியிலேயே மகளை இறக்கிவிட்டுப் போய்விடுவார். தம் நிலையைப் பிறர் காண நாணுகிறார் போலும் என்று நாம் எண்ணியிருந்தோம். மனிதரை நாணத்தால் விளக்கிவிடுவது எம் போன்ற இலக்கிய மாணவருக்கு எளிதாகக் கைவருகிற பழக்கம்.

மாரிகாலத்தின் ஒரு காலையில் மழை கொட்டியது. அன்று அவர் மகளை வாசல்வரை கொண்டுவந்தார். நாம் தரம் பதினொன்று வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். யன்னலூடாக அவரைக் கண்டோம். யாரையோ எதிர்பார்த்து நிற்கிறார் என்று கருதிப் பாடத்தைத் தொடர்ந்தோம். பாடவேளை முடிந்து வெளியே வந்தபோதும் அவர் அவ்விடத்திலேயே நனைந்துகொண்டிருந்தார். ஓடிச் சென்றோம்.

"என்ன அண்ணை, ஏன் நிக்கிறியள்?"

"பின்னுக்கு எடுக்கேலாது சேர். திருப்ப இடமில்லை. ஆரும் வெளியாலை வருவினம் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"கூப்பிட்டிருக்கலாமே?"

"ஒவ்வொரு இடத்திலையும் ஆக்களைக் கூப்பிட்டுக்கொண்டு திரியேலுமே சேர்? தள்ளிவிட ஆளில்லாத இடத்துக்கு நான் போறேல்லை. இண்டைக்கு மழை எண்டு வந்திட்டன்."

அந்த ஒரு வாக்கியத்தின் உட்பொருளை விளங்கிக்கொள்ள எமக்குச் சில நாட்கள் சென்றன. அவர் மனத்தில் ஊரின் படமொன்று இருந்தது. அகன்ற முற்றமுள்ள வீடு, வளைத்துத் திருப்பக்கூடிய சந்தி, சுற்றிவந்து மறுவாசலால் வெளியேறக்கூடிய வளவு ஆகியவையே அப்படத்தில் இடம்பெற்றன. தமக்கை வீட்டு ஒழுங்கை அதில் இல்லை. சிகிச்சைக்குச் செல்லும் இடத்தின் படலை இல்லை. எமது பாடசாலையும் இல்லை. பெற்றோர் கூட்டங்களுக்கு அவர் வாராதிருந்த காரணத்தை அன்றே அறிந்தோம். மகளின் பெறுபேற்று அட்டையில் "பெற்றோர் அக்கறை காட்டுதல் வேண்டும்" என்று எம் கையாலேயே எழுதியிருந்தோம் என்பதையும் இங்கு மறைப்பதற்கில்லை.

மோட்டார் சைக்கிளுக்குப் பின்னோட்டக் கியர் இல்லை. ஏன் இல்லை என்று நாம் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்த்தால் விடை வெளிப்படை. அதன் பின்னோட்டக் கியர் ஓட்டுபவரின் கால்களே. இருக்கையில் இருந்தவாறே நிலத்தில் உந்தினால் வண்டி பின்னே செல்லும். பாரம் குறைந்த வண்டிக்கு அதுவே போதும். வண்டியை வரைந்த பொறியியலாளர் கால்களையும் ஓர் உறுப்பாகக் கணக்கிற் சேர்த்தே வரைந்திருக்கிறார். கால்கள் இல்லாதவருக்கு அதே வண்டியை வழங்கும்போது, பக்கச் சில்லுகள் இரண்டைச் சேர்த்த தொண்டு நிறுவனத்தார் இந்த மற்ற உறுப்பை மறந்துவிட்டனர். வழங்கும் விழாவில் எடுத்த புகைப்படத்தை அவர் எமக்குக் காட்டினார். அதில் வண்டி முன்னோக்கிச் செல்கிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

எம்முடன் பாடசாலையிற் கற்ற நண்பரொருவர் இங்கிலாந்தில் வாழ்கிறார். வேலை முடிந்த இரவுகளில், வீட்டோடு சேர்ந்த கராச்சில் அவர் ஒரு காரைத் தம் கையாலேயே ஆக்கிக்கொண்டிருக்கிறார். அந்நாட்டில் இஃதொரு பெரும் பித்து. 1957 இல் கொலின் சப்மன் என்பார் உருவாக்கிய லோட்டஸ் செவன் என்னும் சிறு காரின் சாயலில், இரும்புக் குழாய்களை ஒட்டிச் சட்டகம் அமைத்து, பழைய கார்களின் பாகங்களைப் பூட்டுவார்கள். இருநூற்றைம்பது பவுணுக்கு இத்தகைய காரை ஆக்கலாம் என்று றொன் சாம்பியன் என்பவர் 1996 இல் எழுதிய நூல் பலரை இவ்வேலையில் இறக்கியது. அவர்களுள் ஒரு சாரார் கார் என்ஜினை விடுத்து மோட்டார் சைக்கிள் என்ஜினைப் பூட்டுவர். பாரம் குறைவு, வேகம் அதிகம். ஆனால் அந்த என்ஜினோடு சேர்ந்துவரும் கியர்ப் பெட்டியில் பின்னோட்டம் கிடையாது. காருக்குள் இருப்பவரால் காலை நிலத்தில் ஊன்றவும் இயலாது. சுமையற்ற எடை 410 கிலோகிராமுக்கு மேற்பட்ட வாகனம் முன்னும் பின்னும் செல்லக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

எம் கதையைத் தொலைபேசியிற் கேட்ட நண்பர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பின்னர், "எனக்கும் இப்ப அதே பிரச்சினைதான். ஆனா எனக்கு அது விளையாட்டு" என்றார்.

அவர்கள் கையாளும் முறையை அவரே விளக்கினார். என்ஜினிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் சுழல்தண்டின் முனையில் ஒரு பெரிய பல்வளையத்தைப் பூட்டுவார்கள். அதனருகே ஒரு காரின் ஸ்ராட்டர் மோட்டர். பொத்தானை அழுத்தினால் மோட்டரின் சிறு பற்சில்லு வெளியே பாய்ந்து வளையத்தைக் கௌவிப் பின்புறமாகச் சுழற்றும். விட்டால் உள்ளே மீளும். ஹொண்டா நிறுவனம் 1988 இல் வெளியிட்ட கோல்ட்விங் என்னும் பாரிய மோட்டார் சைக்கிளிலும் ஸ்ராட்டர் மோட்டரே பின்னோட்டத்துக்கும் பயன்பட்டது.

அன்றிரவு நண்பர் வேறு கதைகளும் சொன்னார். ஜெர்மனியரின் மெசர்சிமிட் என்னும் முச்சில்லுக் காரில் என்ஜினை நிறுத்தி எதிர்த்திசையில் மீளத் தொடக்குவார்களாம். இரட்டை வீச்சு என்ஜின் எத்திசையிலும் சுழலுமாதலால், முன்னே நான்கு கியர், பின்னேயும் நான்கு கியர். பிரைற்றனில் ஆக்கப்பெற்ற முச்சில்லு இசெற்றாவுக்குப் பின்னோட்டம் இருக்கவில்லை. மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரத்தோடு ஓட்டுவதற்காக அவ்வாறு விட்டனர். அதன் ஒரே கதவு முன்புறத்தில் இருந்தமையால், கராச்சுச் சுவரோடு முட்டி நிறுத்தியவர்கள் உள்ளேயே அகப்பட்டுக்கொண்டனர் என்று அந்நாட்டில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

எம்மை மிகவும் பாதித்தது இன்வாகார் வரலாறு. பேற் கிறீவ்ஸ் என்னும் பொறியியலாளர், நடக்க இயலாத தம் உறவினருக்காக ஒரு மோட்டார் வண்டியை ஆக்கினார். அதிலிருந்து பிறந்த தொழிற்சாலையின் வண்டிகளை, 1948 இல் தேசிய சுகாதார சேவை தொடங்கிய பின், பிரித்தானிய அரசு உடல் வலுவிழந்தோருக்கு இலவசமாக வழங்கியது. அவை மோட்டார் சைக்கிள் என்ஜின் பூட்டிய இளநீல வண்டிகள். குறைகளும் இருந்தன. ஒருவர் மட்டுமே அமரலாம். மனைவியையோ பிள்ளையையோ ஏற்ற இயலாது. பாதுகாப்புப் போதாது என்று 2003 மார்ச் 31 ஆம் நாளோடு வீதியிலிருந்து அகற்றினர். ஆயினும் அவ்வண்டி ஒரு குடிமகனின் உரிமையாக அவன் வாசலுக்கு வந்தது. மேடையில் ஏறிக் கைகூப்பி அதனைப் பெறவேண்டியிருக்கவில்லை.

பரந்தன் சந்திக்கு அண்மையில் எம் பழைய மாணவன் ஒருவன் கராச் நடத்துகிறான். எம்மிடம் தமிழில் ஒருபோதும் ஐம்பது புள்ளி பெறாதவன். அவனிடம் சென்றோம். எமக்கும் ஒரு யோசனை இருந்தது. லொறியின் வைப்பர் மோட்டர் ஒன்றையும் சைக்கிளின் பிறீவீலையும் ஒரு பக்கச் சில்லோடு செயினால் இணைத்தால், பின்னே செல்லும்போது மோட்டர் தள்ளும். முன்னே செல்லும்போது பிறீவீல் சும்மா சுழலும். ஓர் இரவு முழுவதும் தாளில் வரைந்து கண்ட முடிவு அது. அவன் படத்தைப் பார்த்தான். மூலையில் நின்ற சைக்கிளைக் கொண்டுவந்தான்.

"சேர், இதைப் பின்னுக்கு உருட்டிப் பாருங்கோ."

உருட்டினோம். பெடல் பின்புறமாகச் சுழன்றது. அவ்வளவே பாடம். பிறீவீலை எதிர்ப்புறமாகப் பூட்டினால் பின்னே தள்ளும். ஆனால் வண்டி முன்னே செல்லும்போதெல்லாம் மோட்டரையும் பற்றி இழுக்கும். வைப்பர் மோட்டரின் உள்ளே இருப்பது புரிப்பல். மோட்டர் சில்லைச் சுழற்றலாம், சில்லு மோட்டரைச் சுழற்ற இயலாது. எனவே சில்லு இறுகிவிடும். நாம் பிறந்தது முதற் சைக்கிள் ஓட்டுகிற ஊரவர். பட்டமும் பெற்றவர். இது எமக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்து நண்பரின் வழியைப் பின்பற்றினோம். கழித்துவிட்ட கார் ஒன்றின் பல்வளையத்தைப் பக்கச் சில்லிலே ஒட்டி, ஸ்ராட்டர் மோட்டரைப் பூட்டினான். பரீட்சித்துப் பார்க்க இருக்கையில் ஏறியவர் நாம். பொத்தானை அழுத்தியதும் வண்டி குதிரையைப் போல் உதைத்துப் பின்னே பாய்ந்து கிடுகு வேலியிற் போய் நின்றது. காரில் அந்த வளையத்துக்கும் சில்லுக்கும் இடையே டிபரன்சல் இருக்கிறது. அது வேகத்தை மூன்று நான்கு மடங்கு குறைத்துவிடும். எம் வண்டியில் வேகத்தைக் குறைக்க வேலியைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. ஸ்கூட்டரின் சிறிய பற்றரியும் மூன்றாம் முறையோடு சோர்ந்துவிட்டது. இடுப்பு நோவு எமக்கு ஒரு வாரம் இருந்தது.

வழி பிறந்தது அதே சைக்கிளிலிருந்துதான். அதில் பழைய டைனமோ ஒன்று தொங்கியது. 2002 இன் போர்நிறுத்தம் வரையில் வன்னியிற் பிள்ளைப் பருவத்தைக் கழித்தோர் டைனமோவை மறவார். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுழற்றி வானொலி கேட்ட வீடுகள் பல. வேண்டும்போது ரயரோடு சாய்ந்து தொடும். வேண்டாதபோது விலகி நிற்கும். தம்பி அதனைத் தட்டிவிட்டு, "இதை மற்றப் பக்கமா யோசிச்சா என்ன சேர்?" என்றான். ரயர் டைனமோவைச் சுழற்றுவதற்குப் பதிலாக, மோட்டர் ரயரைச் சுழற்றட்டும்.

வைப்பர் மோட்டரின் தண்டில் ஒரு குழாய்த்துண்டு; வழுக்காதிருக்க அதன்மேல் வெல்டிங் பொட்டுகள். கையால் ஒரு தடியை இழுத்தால் குழாய் ரயரில் அழுந்தும். அழுந்திய பின்னரே மோட்டருக்கு மின் செல்லும். விட்டால் சுருள்வில்லு இழுத்துக்கொள்ளும். சற்றுப் பெரிய பற்றரி ஒன்றும் வைத்தோம். எல்லாம் பழைய பாகங்கள். பற்றரி உட்பட முழுச் செலவும் எமது ஒரு மாதச் சம்பளத்தின் மூன்றிலொரு பங்கு. தம்பி கூலியாக எதனையும் ஏற்கவில்லை; அண்ணை விடவில்லை. இருவரும் வாதாடி இறுதியில் ஒரு தொகைக்கு இணங்கினர். அத்தொகை எவ்வளவு என்பதை எமக்குச் சொல்லவில்லை, அது நியாயமே.

வண்டி நிமிடத்துக்குப் பத்து மீற்றர் பின்னே சென்றது. ஒரு பக்கச் சில்லு மட்டும் தள்ளுவதால் சற்றே கோணியது. கைபிடியைத் திருப்பி அவர் அதனைச் சரிசெய்யப் பழகிக்கொண்டார்.

மூன்றாந் தவணைப் பெற்றோர் கூட்டத்துக்கு அவர் வந்தார். மதகைக் கடந்து, வாசலால் நுழைந்து, மண்டபத்துச் சரிவு வரை வண்டியைக் கொண்டுவந்தார். மகளின் கணிதப் புள்ளிகளைப் பற்றி ஆசிரியையிடம் நீண்ட நேரம் வாதாடினார். கூட்டம் முடிந்ததும் மாணவர் இருவர் வழக்கப்படி தள்ளிவிட ஓடி வந்தனர். அவர் கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார். குழாய் ரயரில் அழுந்தும் ஓசை கேட்டது. மதகு வரை சென்றவர், ஏதோ மறந்துவிட்டவர் போல் மீண்டும் முன்னே வந்தார். மீண்டும் பின்னே சென்றார். மகள் தலையிற் கைவைத்துக்கொண்டு, "அப்பா, காணும் வாங்கோ" என்றாள்.

வெல்டிங் பொட்டுகள் ரயரை அரிக்கின்றன. தம்பி இப்போது அதற்கேற்ற றப்பர் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறான். இதற்கிடையில் முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து இன்னும் இரு வண்டிகள் அவனுடைய கராச்சுக்கு வந்து நிற்கின்றன.