மூன்று மிதியா, இரண்டு மிதியா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பணிபுரியும் நம் சபைத் தம்பி ஒருவர், ஹூண்டாய் ஐ20 என் லைன் வாங்குவதற்கு ஆலோசனை கேட்டு வந்தார். வேகத்தில் பிரியமுள்ளவர், தானியங்கி கியர் என்ற பேச்சையே காதில் வாங்கவில்லை.

2021இல் அந்த வண்டி வந்தபோது, கையால் கியர் மாற்றும் வகை ஐஎம்டி ஒன்றுதான். ஆறு கியர்களையும் நாமே மாற்றவேண்டும். கிளட்ச் மிதியோ கிடையாது. கியர்த் தண்டிலுள்ள உணரி நம் கையின் எண்ணத்தை அறிந்து சொல்ல, திரவ அழுத்தம் கிளட்சை விலக்குகிறது. 2023இல் அதற்குப் பதிலாக மிதியுடன் கூடிய ஆறு கியர் மேனுவல் வந்தது. இரண்டிலும் ஒரே 1 லிட்டர் டர்போ இஞ்சின்தான்.

ஓட்டுகிற ருசி மிதியுள்ளதில்தான் என்பது என் எண்ணம். இஞ்சினின் ஓசை கேட்டுக் கிளட்சை விடும் பக்குவத்தை எந்த உணரியும் தராது. (இதில் எனக்குச் சற்றுப் பிடிவாதம் உண்டு.)

ஆனால் அவருடைய இடது முழங்கால், பைக் விபத்தொன்றில் அறுவை சிகிச்சை கண்டது. பொன்னேரியிலிருந்து தச்சூர் கூட்டுச்சாலை வழியாக, கொல்கத்தா நெடுஞ்சாலை லாரிகளுக்கிடையே தினமும் ஊர்ந்து போகவேண்டியவர்.

"இப்போ வலியே இல்லை, பாஸ்டர்" என்றார். அருகிலிருந்த தாயார் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார்.

நல்ல நிலையிலுள்ள பழைய ஐஎம்டி ஒன்றைத் தேடும்படி சொன்னேன். தம்பியின் முகம் வாடிற்று. அடுத்த மாதம் மருத்துவர் முழங்காலைப் பார்க்கும்வரை யாருக்கும் முன்பணம் கொடுப்பதில்லை என்று மட்டும் ஒப்புக்கொண்டார்.