லெ பெல்த்தியே வீதியில் மூன்று இரவுகள்

பாரிஸ் மாநகரில் லெ பெல்த்தியே வீதி என்று ஒரு வீதி இன்றும் இருக்கிறது. ஆனால் நான் பார்க்க விரும்பிய கட்டடம் அங்கே இல்லை. தற்காலிகமாக இருந்தால் போதும் என்று 1821-ஆம் வருஷத்தில் அவசர அவசரமாக எழுப்பிய ஆபெரா மண்டபம் அது. தற்காலிகமாகக் கட்டியது 52 வருஷம் நின்றது. 1873 அக்டோபர் கடைசியில் ஓர் இரவு தீப்பற்றி, அடுத்த நாளும் எரிந்து, சாம்பலாயிற்று. ஆகவே அங்கே போவதற்கு ரயிலும் கப்பலும் விமானமும் உதவா. காலத்தில் பின்னோக்கி ஓடும் ரதம் ஒன்றுதான் உதவும். நல்லவேளை, அந்த ரதத்துக்குப் பயணச் சீட்டும் வேண்டாம், சுங்கச் சோதனையும் கிடையாது. நேயர்களும் ஏறிக்கொள்ளலாம்.

முதலில் இறங்குவது 1832, மார்ச் 12. கால் வைத்த இடமெல்லாம் சேறு. இன்று படங்களில் நாம் காணும் அகன்ற சாலைகளில் பெரும்பாலானவை இன்னும் பிறக்கவில்லை. குதிரை வண்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கின்றன. உயர்ந்த தொப்பி அணிந்த கனவான்களும், பூ வைத்த சீமாட்டிகளும் இறங்குகிறார்கள். கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே நுழைந்தால், தரைமட்டத்து ஆசனங்களின் நடுவே ஒரு கோஷ்டி விறைப்பாக உட்கார்ந்திருக்கிறது. இவர்கள் கூலிக்குக் கைதட்டுகிறவர்கள்! அகுஸ்த் என்ற தலைவர் எப்போது எவ்வளவு தட்ட வேண்டும் என்று முன்கூட்டியே ஒத்திகை பார்த்து வைத்திருப்பார். நம் ஊர்க் கூட்டங்களில் இந்த வித்தையைக் கண்டு யாரும் புதிதென்று பெருமை கொள்ள வேண்டாம்.

திரை உயர்கிறது. அன்றுதான் ‘லா ஸில்பீட்’ என்ற பாலே முதன் முறையாக அரங்கேறுகிறது. ஸ்காத்லாந்தில் ஒரு குடியானவ வாலிபன், அன்றைக்குக் கல்யாணம், நாற்காலியில் தூங்குகிறான். அவன் காலடியில் ஒரு வான மோகினி மண்டியிட்டிருக்கிறாள். வெள்ளை மஸ்லின் பாவாடை, முதுகில் சிறு சிறகுகள், தலையில் மலர் வளையம். மணப்பெண்ணை விட்டுவிட்டு அவன் இந்த மாயையின் பின்னால் காட்டுக்கு ஓடுகிறான். சூனியக்காரி தந்த சால்வையை அவள் தோளில் போட்டதும் சிறகுகள் உதிர்ந்து அவள் இறக்கிறாள். நம் பாட்டிமார் சொல்லும் மோகினிக் கதைகளில் சாவது மனிதன். இங்கே மனிதன் தொட்டதால் மோகினி சாகிறாள். மஸ்லின் என்றதும் நமக்கு டாக்கா நினைவு வரும். ஆனால் அதற்குள் ஐரோப்பியச் சந்தையை ஆலைத்துணி நிரப்பிவிட்டது. டாக்காவின் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருந்த காலம் அது.

மோகினியாக ஆடியவர் மாரி தாலியோனி. கால் விரல்களின் நுனியில் எழுந்து நின்றபோது அவர் தரையை விட்டுவிட்டார் என்றே சபை நினைத்தது. அணிந்திருந்ததோ கட்டையும் அட்டையும் இல்லாத மெல்லிய பட்டுச் செருப்பு. முனையில் நூலால் நெருக்கித் தைத்திருப்பதைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. உடல்தான் ஆதாரம். அந்த உடலை அவருடைய தகப்பனார் வியன்னாவில் ஆறு மாதம், தினம் ஆறு மணி நேரம் வாட்டியெடுத்துப் பழக்கினார். தகப்பனாரே இந்த நாடகத்தின் நடனத்தை அமைத்தவரும் ஆவார். சிரமம் தெரியாமல் ஆடுவதற்கு இத்தனை சிரமம்!

மற்ற மோகினிகள் கம்பியில் தொங்கிப் பறக்கிறார்கள். வேறோர் இரவு இரண்டு பெண்கள் நடு வானத்தில் சிக்கி, ஏறவும் இறங்கவும் முடியாமல் தொங்கினார்கள். சபையில் கூச்சல். கூரையிலிருந்து ஒரு தொழிலாளி உயிரை வெறுத்துக் கயிற்றில் இறங்கி அவர்களை விடுவித்தான். தாலியோனி முன்னால் வந்து, ஒருவருக்கும் அடி படவில்லை என்று அறிவித்தாராம். மேடையில் அவர் வாய் திறந்து பேசியது அந்த ஒரு தடவைதான் என்று விமர்சகர் தியோபில் கோதியே எழுதி வைத்தார்.

ஆட்டம் முடிந்ததும் நான் சபையோடு வெளியே போகாமல் மேடைக்குப் பின்னால் நழுவினேன். அங்கே நடனப் பெண்களின் கூடம் ஒன்று இருக்கிறது. நிலைக்கண்ணாடிகள் முன்னே பெண்கள் காலை நீட்டி மடக்கிப் பழகுகிறார்கள். சற்று முன்பு சபையில் கண்ட அதே உயர்ந்த தொப்பிகள் இங்கேயும் வந்து நிற்கின்றன. முந்திய வருஷம் ஆபெராவின் பொறுப்பை ஏற்ற வேரோன் என்ற சமர்த்தர், வருஷச் சந்தா கட்டிய கனவான்களுக்கு இந்தக் கூடத்தைத் திறந்துவிட்டார். ‘சுண்டெலிகள்’ என்று செல்லமாக அழைக்கப்படும் சிறுமிகள் ஓடித் திரிகிறார்கள். பலர் வாயிற்காவல்காரர், துணி வெளுப்பவர் வீட்டுக் குழந்தைகள். சம்பளம் அற்பம். மூலையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களின் கண்கள், எந்தத் தொப்பி எந்தப் பெண் பக்கம் திரும்புகிறது என்று கணக்கெடுக்கின்றன. பின்னாளில் நம் சதிர்க் கச்சேரியை ஒழுக்கக்கேடு என்று மேல்நாட்டார் பலர் முகம் சுளித்ததைப் படித்திருக்கிறேன். இந்தக் கூடத்தில் நின்றபோது அது நினைவுக்கு வந்தது. இரண்டு ஊரிலும் கலையை வளர்த்தவள் பெண், விலை கொடுத்தவளும் அவளே.

அந்த இரவுக்கு இரண்டு வாரம் கழித்து பாரிஸில் காலரா புகுந்தது. அந்த வருஷம் 18,000 பேருக்கு மேல் மாண்டார்கள். நான் அதற்குள் ரதத்தைத் திருப்பிவிட்டேன்.

இரண்டாவது இரவு 1838 ஆகஸ்டு. இப்போது லெ பெல்த்தியே வீதியிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், மோன்மார்த்ர் சாலையில் உள்ள வாரியத்தே நாடகசாலை. உள்ளே சலங்கை ஒலி! புதுச்சேரிப் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து ஐந்து நடன மாதரும் மூன்று வாத்தியக்காரரும் கப்பலேறி வந்திருக்கிறார்கள். தார்திவெல் என்ற பிரெஞ்சு வியாபாரி ஒப்பந்தம் எழுதி அழைத்து வந்தான். அவர்களில் அம்மணி என்பவளுக்கு வயது 18. எல்லோரிலும் இளையவள் ஆறு வயதுக் குழந்தை.

எட்டு வருஷத்துக்கு முன்பே இதே பாரிஸ் ‘தேவனும் தேவதாசியும்’ என்ற ஆபெராவைக் கண்டு மயங்கியிருந்தது. அதில் தேவதாசியாக ஆடியவர் நம் தாலியோனி அம்மாளே. பொய்த் தேவதாசியைக் கண்டு பழகிய கண்களுக்கு மெய்த் தேவதாசி வந்தால் எப்படி இருக்கும்? பாலே மண்ணை வெறுக்கிறது. உயர உயரப் போக முயல்கிறது. காலோசை கேட்டால் குற்றம். அம்மணியோ முழங்காலை மடித்து, உள்ளங்காலால் தரையைத் தட்டி, அந்த ஓசையையே தாளமாக்குகிறாள். பாலேக்காரிக்குக் கால்தான் பேசும். இவளுக்குக் கண்ணும் புருவமும் விரலும் பேசுகின்றன. ஒரு நடனத்தில் ஆடிக்கொண்டே துணியை மடித்து முடித்து ஒரு புறாவை உண்டாக்கிக் காட்டினார்கள். சிலர் வியந்தார்கள், சிலர் தாங்கள் எதிர்பார்த்த மோகக் காட்சியைக் காணாமல் கொட்டாவி விட்டார்கள். கோதியே மட்டும் அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்கே தேடிப் போய்ப் பார்த்து, பத்தி பத்தியாக எழுதினார்.

ழான் அகுஸ்த் பார் என்ற சிற்பி முந்திய வருஷம் தாலியோனிக்குச் சிறு பிரதிமை வார்த்திருந்தார். இந்த வருஷம் அதே கையால் அம்மணியையும் வெண்கலத்தில் வடித்தார். அந்தச் சிலையில் அவள் முகம் இருக்கிறது. ஆனால் பாரிஸைப் பற்றி அவள் என்ன நினைத்தாள், குளிரில் என்ன சாப்பிட்டாள், திருவந்திபுரத்துப் பெருமாளை எத்தனை முறை நினைத்தாள் என்று கேட்டு எழுதிவைத்தவர் யார்? அக்டோபரில் அவர்கள் லண்டன் அதெல்பி நாடகசாலைக்குப் போனார்கள். வாத்தியக்காரர்கள் தாளத்தைப் பையில் கட்டும்போது இரண்டு வார்த்தை தமிழில் பேசலாம் என்று அருகே போனேன். காலப் பிரயாணிக்குக் குரல் கிடையாது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

மூன்றாவது இரவுக்குப் போகாமலே திரும்பியிருக்கலாம். 1862, நவம்பர் 15. பழைய மண்டபமேதான். ஒத்திகை நடக்கிறது. எம்மா லிவ்ரி என்ற பெண்ணுக்கு வயது 20. தாயும் இதே மேடையில் ஆடியவள். தந்தை அவர்களைக் கைவிட்டுப் போன ஒரு பிரபு. முதுமையில் பாரிஸுக்குத் திரும்பிய தாலியோனி, தம் வாரிசு இவள்தான் என்று மகிழ்ந்து, ‘வண்ணத்துப்பூச்சி’ என்ற பாலேயை இவளுக்கென்றே அமைத்துக் கொடுத்தார். அதில் பூச்சி ஒரு தீவட்டியில் மோதிச் சிறகு கருகும் கட்டம் உண்டு.

கியாஸ் விளக்கு வந்ததிலிருந்து மஸ்லினில் தீப்பிடிப்பது பாலே உலகில் தெரிந்த ஆபத்து. 1844-இல் லண்டனில் கிளாரா வெப்ஸ்டர் என்ற பெண் மேடையிலேயே எரிந்து சில நாளில் இறந்தாள். துணியைப் படிகார நீரில் தோய்த்தால் சட்டென்று தீப்பற்றாது என்று கண்டுபிடித்திருந்தார்கள். தோய்க்க வேண்டும் என்று உத்தரவும் இருந்தது. ஆனால் தோய்த்த துணி மஞ்சளாகி விறைத்துவிடும். மேகம் போல் எழும்பாது. சாதாரணப் பாவாடையில்தான் ஆடுவேன் என்று லிவ்ரி தன் கைப்பட எழுதிக் கொடுத்தாள்.

உட்காருவதற்கு முன் அவள் பாவாடையைத் தூக்கி உதறினாள். காற்று விளக்கின் சுடரை இழுத்தது. ஒரு பெரிய ஜ்வாலை மேடையின் குறுக்கே ஓடியதைக் கண்டேன். தீயணைப்புக்காரன் கம்பளியோடு பாய்வதற்குள் உடை முழுதும் போய்விட்டது. எட்டு மாதம் படுக்கையில் கிடந்து 1863 ஜூலை 26-இல் அவள் இறந்தாள்.

அந்த உடையில் மிஞ்சிய துணுக்குகளை ஆபெராவின் காட்சிசாலையில் பாதுகாத்து வைத்தார்கள். கருகிய விளிம்பைத் தவிர மற்ற இடமெல்லாம் நல்ல மெல்லிய துணி.