காலி செய்யும் வீட்டின் சாவி

ஃபாஸ்ட் வண்டிகள் விக்ரோலியில் நிற்பதில்லை. காட்கோபருக்கும் காஞ்சூர்மார்க்குக்கும் நடுவே ஸ்லோ வண்டியில் வந்து கிழக்குப் பக்கம் இறங்கி, கன்னம்வார் நகருக்கு ஆட்டோ பிடித்தால், வழியெங்கும் ஒரே மாதிரிப் பலகைகள்: விற்பனைக்கு, வாடகைக்கு, ஹெவி டெபாசிட்.

அப்படியொரு பலகையின் கீழ் ஐம்பதைத் தாண்டிய தமிழர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பெயர் முக்கியமில்லை. மும்பையின் கிழக்குப் புறநகரில் இவரைப் போல் பலர். திருநெல்வேலிக்காரர்களுக்கு அண்ணாச்சி, மற்றவர்களுக்கு வெறும் அண்ணா. மராத்தி, இந்தி, குஜராத்தி மூன்றிலும் விலை பேசுவார். கணக்கு மட்டும் தமிழில்.

விக்ரோலியில் நிலம் என்றால் கோத்ரெஜ்தான். 1940-களில் பிரோஜ்ஷா கோத்ரெஜ் இங்கே நிலம் வாங்கித் தொழிற்சாலை அமைத்தார். நாட்டின் முதல் பொதுத்தேர்தலுக்கான வாக்குப்பெட்டிகளில் லட்சக்கணக்கானவை இங்கே தயாரானவை. குடும்பத்துக்கு மும்பையில் உள்ள நிலம் சுமார் 3,400 ஏக்கர், பெரும்பகுதி விக்ரோலியில். அதில் பாதியளவு, தானே கழிமுகத்தை ஒட்டிய அலையாத்திக் காடு.

அண்ணாச்சியின் உலகம் சதுர அடிகளால் ஆனது. 1963-ல் பதவியிலிருக்கும்போதே மறைந்த மகாராஷ்டிர முதல்வர் மாரோத்ராவ் கன்னம்வாரின் பெயர் தாங்கிய இந்தக் குடியிருப்பு, வீட்டு வசதி வாரியம் கட்டியது. பழைய வீடுகள் பல 200 சதுர அடியை ஒட்டியவை. அதற்குள் மூன்று தலைமுறைகள் படுத்து எழுந்திருக்கின்றன. அண்ணாச்சியும் அப்படியொரு வீட்டில் வளர்ந்தவர்தான்.

வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தால் ஒரு மாத வாடகை. விற்றுக் கொடுத்தால் ஒரு சதவீதமோ இரண்டோ. ஒப்பந்தம் வழக்கமாகப் பதினோரு மாதம். வீடு காட்டுவதற்கு முன் அவர் கேட்டாக வேண்டிய கேள்விகள் உண்டு. என்ன சாப்பாடு? எந்த ஊர்? என்ன பெயர்? சொசைட்டிகள் எழுதி வைக்காத விதிகள் இவர் வாய் வழியாகத்தான் வெளியே வருகின்றன. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் மீன் குழம்பு. தான் காட்டும் வீடுகள் சிலவற்றில் தனக்கே இடமில்லை என்பது அவருக்குத் தெரியும். கேள்வியைக் கேட்காமல் விட்டால் அடுத்த தெருத் தரகர் கேட்பார் என்பதும் தெரியும்.

செய்தித்தாளை அவர் தொழிலின் வழியாகவே படிக்கிறார். 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம்: ரொக்கமாக முன்பணம் தருவதாகச் சொன்னவர்கள் காணாமல் போனார்கள். 2017 மே முதல் ரெரா சட்டம்: தரகருக்கும் பதிவு எண் வந்தது, பிறகு பயிற்சியும் தேர்வும். முடி நரைத்த பிறகு பரீட்சை எழுதியதில் அவருக்குக் கூச்சம் பாதி, பெருமை பாதி. 2020-ல் கொரோனா முடக்கத்துக்குப் பின் முத்திரைத்தாள் வரியை ஐந்திலிருந்து இரண்டு சதவீதமாக அரசு நான்கு மாதங்களுக்குக் குறைத்தபோது மூச்சு வந்தது. புல்லட் ரயில் சுரங்கத்துக்காக விக்ரோலியில் கோத்ரெஜ் நிலத்தை அரசு கையகப்படுத்தியதை எதிர்த்த மனுவை 2023 பிப்ரவரியில் உயர்நீதிமன்றம் தள்ளியது. இத்தனை ஏக்கர் வைத்திருப்பவர்களாலேயே பிடித்துவைக்க முடியாத நிலத்தை, ஒற்றை அறைக்காரன் எப்படிப் பிடித்துவைப்பான் என்பது அவருடைய கேள்வி. 2025 ஜூன் 14-ஆம் தேதி கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் மேம்பாலம் திறந்தபோது, பாலத்தைப் பார்க்கப் போவதற்கு முன்பே விலை விசாரித்துப் போன்கள் வந்துவிட்டன.

இப்போது எங்கும் பேச்சு மறுகட்டுமானம்தான். 51 சதவீதம் பேர் சம்மதித்தால் போதும், பழைய கட்டடம் போய்க் கோபுரம் வரும். பெரிய வீடு, லிஃப்ட், அதுவரை பில்டர் தரும் வாடகை. கூடவே, இதுவரை கண்டிராத பராமரிப்புக் கட்டணம். அதைக் கட்ட முடியாத குடும்பங்கள் சில, சாவி கைக்கு வந்ததும் விற்றுவிட்டு அம்பர்நாத், பத்லாப்பூர் என்று ரயில் பாதையில் வெகு தூரம் நகர்கின்றன. பத்திரம் பதிந்த அன்று ஸ்வீட் பாக்ஸ் கொடுத்துவிட்டுக் கண் கலங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறார். ஒருவர் கிளம்பினால்தான் இவருக்குக் கூலி. அதை அவர் மறைப்பதில்லை.

இந்த வருத்தம் இப்போது அவர் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அவர்கள் கட்டடத்துக்கும் ஒப்புதல் படிவம் வந்திருக்கிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், புது வீடு வந்ததும் விற்றுவிடலாம் அப்பா, என்கிறான். விலை நிலவரம் அப்பாவைவிட அவனுக்கு நன்றாகத் தெரிகிறது. அம்மாவோ, மாமனார் பால் காய்ச்சிய இடம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்.

மற்றவர்களுக்கு அரை மணியில் முடிவு சொல்லுகிறவர் இதற்கு மூன்று மாதமாக யோசிக்கிறார். கையெழுத்துப் போடாத படிவம் கடை மேஜை இழுப்பறையில், காலி செய்துபோனவர்கள் விட்டுச்சென்ற சாவிக் கொத்துகளுக்கு அடியில் கிடக்கிறது.